ஒரு மருத்துவரின் கையெழுத்தை எப்போது நிறுத்துவது?

1976 பிப்ரவரியில் இங்கிலாந்தின் ஹாலிஃபாக்ஸ் நீதிமன்றத்தில் 30 வயது மருத்துவர் ஒருவர் தன் மீதிருந்த 8 குற்றச்சாட்டுகளையும் ஒப்புக்கொண்டார். நோயாளிகளின் பெயரில் பொய்ச்சீட்டு எழுதிப் பெத்திடின் என்ற வலி மருந்தை வாங்கித் தனக்கே ஊசி போட்டுக்கொண்டிருந்தவர் அவர். 600 பவுண்டு அபராதம் விதித்தார்கள். யார்க் நகரிலுள்ள ‘தி ரிட்ரீட்’ மருத்துவமனையில் சிகிச்சை பெற்றிருந்தார். இனி அந்தப் பழக்கத்தின் பக்கமே போகமாட்டார் என்று எல்லோரும் நம்பினார்கள். பொது மருத்துவ கவுன்சில் எச்சரிக்கைக் கடிதம் ஒன்று அனுப்பியது. உள்துறை அமைச்சகம் கோப்பை மூடியது. அடுத்த ஆண்டே மான்செஸ்டருக்குக் கிழக்கே ஹைட் என்ற சிறு நகரத்தில் குடும்ப மருத்துவராகச் சேர்ந்துவிட்டார். எந்த மருந்தையும் எழுதித் தரும் உரிமை முன்பிருந்த மாதிரியே அவரிடம் இருந்தது.

அவர் பெயர் ஹெரால்டு ஷிப்மன். 2000 ஜனவரி 31 அன்று, 15 நோயாளிகளைக் கொன்றதாக அவருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. நீதிபதி ஜேனட் ஸ்மித் தலைமையில் பிறகு நடந்த விசாரணை, கொல்லப்பட்டவர்கள் 215 பேர் என்று உறுதி செய்தது. 171 பெண்கள், 44 ஆண்கள். இன்னும் 45 மரணங்களில் பலத்த சந்தேகம். பெரும்பாலும் அவர் கையாண்டது டயாமார்ஃபின். ஹெராயின் என்று தெருவில் விற்பதும் அதே பொருள்தான். பிரிட்டனில் புற்றுநோய் முற்றியவர்களுக்கு மருத்துவர்கள் முறைப்படி தருவார்கள்.

நான் பிறந்தது திருநெல்வேலிப் பக்கம். மதுரையில் பி.ஃபார்ம் படித்து, இங்கே வந்து மறுபடியும் படித்துத் தேறி, மான்செஸ்டர் புறநகர் ஒன்றில் மருந்தாளுநராக இருக்கிறேன். ஹைட் எங்கள் கடையிலிருந்து பேருந்திலேயே போகிற தூரம்தான். அந்த ஊரில் வயதானவர்களிடம் பேச்சுக் கொடுத்தால், தாயையோ பாட்டியையோ அவரிடம் அழைத்துப் போன கதை ஒன்று இன்னும் வரும். ஷிப்மனைப் பற்றிப் படம் எடுத்தவர்களும் புத்தகம் எழுதியவர்களும் அவருடைய மனதைத்தான் குடைந்து பார்த்திருக்கிறார்கள். எனக்கு அதில் நாட்டமில்லை. 1976-இல் ஒரு அதிகாரி கையெழுத்திட்டிருக்கக்கூடிய, ஆனால் இடாமல் விட்ட ஒரு உத்தரவைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. மார்ஃபின், டயாமார்ஃபின், ஃபென்டனில் முதலான கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகளை எழுதும் உரிமையை ஒரு மருத்துவரிடமிருந்து எப்போது, எப்படித் திரும்பப் பெற வேண்டும் என்கிற கேள்வி முழுவதும் அந்த உத்தரவுக்குள் இருக்கிறது.

அப்படியொரு உத்தரவு போடும் அதிகாரம் எங்கிருந்து வந்தது என்று முதலில் பார்க்கலாம். பிரிட்டனில் 1926-இல் ரோல்ஸ்டன் குழு என்ற ஒன்று, போதைக்கு அடிமையானவர் நோயாளி, அவருக்குத் தேவைப்பட்டால் மருத்துவர் மார்ஃபினோ ஹெராயினோ எழுதித் தரலாம் என்று முடிவு சொன்னது. மனிதாபிமானமான முடிவு; முப்பது ஆண்டுகளுக்கு மேல் பெரிய சிக்கலில்லாமல் ஓடியது. 1960-களில் லண்டனில் விரல்விட்டு எண்ணக்கூடிய சில மருத்துவர்கள் ஹெராயினை அளவில்லாமல் எழுதத் தொடங்கினார்கள். 1962-இல் ஒரே ஒரு மருத்துவர் மட்டும் கிட்டத்தட்ட 6 லட்சம் ஹெராயின் மாத்திரைகள் எழுதியிருந்ததாக அரசுக் குழு ஒன்று 1965-இல் அறிக்கை தந்தது. 1968 ஏப்ரலிலிருந்து, உரிமம் பெற்ற மருத்துவர்கள் மட்டுமே அடிமையானவர்களுக்கு ஹெராயினும் கொக்கெய்னும் எழுதலாம் என்று விதி வந்தது.

ஜான் பெட்ரோ என்ற மருத்துவர் அதற்கும் வழி கண்டுபிடித்தார். ஹெராயினைத் தானே தடுக்கிறீர்கள் என்று மெத்தட்ரின் ஊசி மருந்துக்கு மாறிக்கொண்டார். அது புதிய விதிக்குள் வராத மருந்து. கவுன்சில் 1968-இல் அவர் பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்கத் தீர்மானித்தது. ஆனாலும் மேல்முறையீடு முடியும்வரை அவர் எழுதிக்கொண்டேயிருந்தார், யாராலும் நிறுத்த முடியவில்லை. ஒரு மருத்துவரை முழுவதுமாகத் தொழிலிலிருந்து விலக்குவதற்கு மாதக்கணக்கில் ஆகும். மருந்து எழுதும் கையை நிறுத்துவதற்கு அவ்வளவு காலம் காத்திருக்க முடியாது. இதை அரசு அன்றுதான் உணர்ந்தது.

1971-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தவறான பயன்பாட்டுச் சட்டத்தில் 12-ஆம் பிரிவும் 13-ஆம் பிரிவும் அப்படித்தான் வந்தன. மருந்துக் குற்றத்தில் தண்டனை பெற்ற மருத்துவருக்கு 12-ஆம் பிரிவு பொருந்தும். குற்ற வழக்கு இல்லாமலே பொறுப்பில்லாமல் எழுதித் தள்ளுகிறவருக்கு 13-ஆம் பிரிவு. உள்துறை அமைச்சர் கட்டளையிட்டால், அந்த மருத்துவர் குறிப்பிட்ட மருந்துகளை வைத்திருக்கவோ எழுதவோ கொடுக்கவோ கூடாது. அவர் மருத்துவராகவே இருப்பார், காய்ச்சலுக்குப் பார்க்கலாம், காயத்துக்குத் தையல் போடலாம், பிரசவம் பார்க்கலாம். அந்த மருந்துகள் மட்டும் கிடையாது. அவசரமென்றால் 6 வாரத்துக்குத் தற்காலிகக் கட்டளை போடவும் வழியிருந்தது. கட்டளையை அரசிதழில் வெளியிட வேண்டும் என்றும் சட்டம் சொன்னது. இந்தக் கடைசி வரிதான் என்னைப் போல் கடையில் நிற்பவர்களுக்கு முக்கியம்.

சட்டம் 1973-இல் நடைமுறைக்கு வந்துவிட்டது. ஷிப்மன் தண்டனை பெற்றது 1976-இல். மருந்துக் குற்றம், தண்டனை, இரண்டும் இருந்தன. 12-ஆம் பிரிவு அவருக்காகவே எழுதியது போலப் பொருந்தியது. ஆனாலும் கட்டளை வரவில்லை. முதல் தடவை தவறிய மருத்துவர், சிகிச்சை பெற்றுவிட்டார், மனநல மருத்துவர்கள் நல்ல அறிக்கை தந்திருக்கிறார்கள், இதற்கு மேல் ஒரு இளைஞரின் வாழ்க்கையைக் கெடுப்பானேன் என்பதுதான் அன்றைய நடைமுறை.

அந்த இரக்கத்தை நான் குறை சொல்லமாட்டேன். மருந்துக்கு அடிமையான மருத்துவர்களும் செவிலியர்களும் மருந்தாளுநர்களும் எல்லா நாட்டிலும் உண்டு. மருந்துக்குப் பக்கத்திலேயே வாழ்கிறோம், வேலைப் பளு ஆளைத் தின்கிறது. அவர்களுக்குச் சிகிச்சை வேண்டும், திரும்பி வந்து வேலை பார்க்க இடம் வேண்டும். ஆனால் கட்டளையை ஒரு தண்டனை என்று நினைத்ததில்தான் கோணல். தண்டனையாக நினைத்தால், போதும் இவர் பட்ட பாடு என்று விட்டுவிடத் தோன்றும். கட்டளை என்பது நோயாளிக்கான காப்பு. இந்த மருத்துவர் இன்னும் சில ஆண்டுகள் டயாமார்ஃபின் தொடவேண்டாம் என்று சொல்வதால் அவருக்கு என்ன போய்விடும்? குடும்ப மருத்துவரின் அன்றாட வேலையில் பெரும்பகுதி அந்த மருந்தில்லாமலே நடக்கிறது.

உண்மையில் அந்த நேரத்திலேயே அவர் கொல்லத் தொடங்கியிருந்தார் என்று விசாரணை பின்னர் கண்டறிந்தது. முதல் கொலை 1975 மார்ச்சில். அது அன்று யாருக்கும் தெரியாது, தெரிந்திருக்கவும் முடியாது. ஆனால் பெத்திடின் தெரியும். டாட்மார்டன் என்ற ஊரில் அவர் வேலை பார்த்தபோது, உள்ளூர் மருந்துக்கடையின் கட்டுப்படுத்தப்பட்ட மருந்துப் பதிவேட்டில்தான் அவர் வாங்கிய அளவு பளிச்சென்று கண்ணில் பட்டது. நாங்கள் இன்றும் எழுதுகிற பதிவேடு அது. எந்த நாள், எவ்வளவு வந்தது, எவ்வளவு போனது, யார் எழுதினார், யார் வாங்கிப்போனார், மிச்சம் எவ்வளவு என்று வரிவரியாக இருக்கும்.

ஹைட்டில் அவர் பாடம் கற்றவராக நடந்துகொண்டார். கட்டுப்படுத்தப்பட்ட மருந்து எதையும் நான் கையிருப்பில் வைத்துக்கொள்வதில்லை என்றார். கையிருப்பு இல்லையென்றால் பதிவேடு தேவையில்லை, பதிவேடு இல்லையென்றால் பார்வையிட யாரும் வரமாட்டார்கள். மருந்து வேண்டுமென்றால் நோயாளியின் பெயரில் சீட்டு எழுதி, தானே கடைக்குப் போய் வாங்கிக்கொள்வார். சாகக் கிடக்கும் புற்றுநோயாளிக்கு எழுதியதில் மீந்ததை, இறந்த பிறகு நானே அழித்துவிடுகிறேன் என்று வீட்டாரிடமிருந்து எடுத்துப்போவார். 1993-இல் சில மாதங்களுக்குள் 30 மில்லிகிராம் டயாமார்ஃபின் குப்பியை ஒவ்வொன்றாக 14 தடவை எழுதி வாங்கியிருக்கிறார். இன்னொரு சமயம், இறந்துகொண்டிருந்த ஒருவர் பெயரில் ஒரே தடவையில் 12,000 மில்லிகிராம்.

அந்தச் சீட்டுகளுக்கு மருந்து எடுத்துக் கொடுத்த மருந்தாளுநரின் இடத்தில் என்னை வைத்து நான் பலமுறை யோசித்திருக்கிறேன். ஊர் மெச்சும் மருத்துவர், வீடு தேடி வந்து பார்ப்பவர், முதியவர்கள் அவரிடம் சேர வரிசையில் காத்திருந்தார்கள். அவரே கையில் சீட்டோடு வந்து, நெஞ்சுவலியில் துடிக்கிறார் ஒருவர், நானே கொண்டுபோகிறேன் என்றால் மறுக்க என்ன காரணம் இருக்கும்? 1976-இல் கட்டளை போட்டு அரசிதழில் வந்திருந்தால், காரணம் இருந்திருக்கும். சில ஆண்டுகள் கழித்து அதை நீக்கியிருக்கலாம் என்பதையும் மறுக்கவில்லை. நீக்கியிருந்தாலும், இந்தப் பெயர் ஒரு காலத்தில் அரசிதழில் வந்த பெயர் என்ற நினைவு ஆய்வாளர்களிடமாவது இருந்திருக்கும். அந்த 14 குப்பிகளில் நாலாவதிலோ ஐந்தாவதிலோ யாராவது ஒருவர் தொலைபேசியை எடுத்திருப்பார் என்று நான் நம்புகிறேன்.

கடைசியில் சந்தேகம் எழுப்பியது இன்னொரு மருத்துவர். தெருவின் எதிர்ப்பக்கம் இருந்த மருத்துவ நிலையத்தைச் சேர்ந்த லிண்டா ரெனால்ட்ஸ், ஷிப்மனின் நோயாளிகள் இப்படி இறக்கிறார்களே என்று 1998 மார்ச்சில் மரண விசாரணை அதிகாரியிடம் சொன்னார். காவல்துறை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு முடித்துக்கொண்டது. அதற்குப் பின்னும் 3 பேர் இறந்தார்கள். மூன்றாமவர் 81 வயது கேத்லீன் கிரண்டி. அவர் பெயரில் வந்த போலி உயிலை வழக்கறிஞரான மகள் நம்பவில்லை. உடலைத் தோண்டியெடுத்துப் பார்த்தபோது மார்ஃபின் இருந்தது.

ஜேனட் ஸ்மித் தந்த ஆறு அறிக்கைகளில் நான்காவது, 2004 ஜூலையில் வந்தது, முழுக்கவும் மருந்துக் கண்காணிப்பைப் பற்றியது. என் வேலையின் ஒவ்வொரு நாளையும் வடிவமைத்த ஆவணம் அது. அதன் விளைவாக வந்த 2006-ஆம் ஆண்டின் சுகாதாரச் சட்டம், மருத்துவமனைகளிலும் வட்டார அமைப்புகளிலும் இந்த மருந்துகளுக்கென்றே பொறுப்பதிகாரி ஒருவர் இருக்க வேண்டும் என்றது. எந்த மருத்துவர் எவ்வளவு எழுதுகிறார் என்று அவர் பார்ப்பார்; சந்தேகமிருந்தால் காவல்துறையோடும் மற்ற அமைப்புகளோடும் தகவல் பகிர்வார். தனியார் சீட்டுக்கு இளஞ்சிவப்பு நிறத்தில் தனிப் படிவமும் எழுதுபவருக்குத் தனி எண்ணும் வந்தன. முன்பு 13 வாரம் செல்லுபடியான சீட்டு இப்போது 28 நாளோடு காலாவதியாகிவிடும்.

இந்த 28 நாளை விளக்குவதற்குள் எனக்குத் தொண்டை வற்றிவிடும். அம்மாவுக்கு மார்ஃபின் மாத்திரை வாங்க வந்த யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர், தேதி கடந்த சீட்டை நான் திருப்பிக் கொடுத்ததும் கேட்டார்: “அக்கா, டொக்டர் கையெழுத்து வைச்சுத் தந்த துண்டு இது. நாலு கிழமை தாண்டினா கையெழுத்து அழிஞ்சு போகுமே?”

“அழியாதுண்ணே. ஆனா இவ்வளவு நாள் வெளிய கிடந்த சீட்டு யார் கைக்கெல்லாம் போகும்னு எனக்குத் தெரியாதுல்லா? நீங்க உக்காருங்க, நான் டாக்டர்கிட்டப் பேசுறேன்.”

பேசினேன். சாயங்காலத்துக்குள் புதுச் சீட்டு வந்தது. விதியைக் காட்டித் திருப்பி அனுப்புவதோடு வேலை முடிந்தது என்று ஒரு மருந்தாளுநர் நினைத்தால், அந்த அம்மா ராத்திரி முழுக்க வலியில் கிடப்பார். விதியும் அந்தத் தொலைபேசி அழைப்பும் சேர்ந்ததுதான் என் வேலை.

சரி, விதி இருந்தால் மட்டும் எல்லாம் நேராகிவிடுமா? தெற்குக் கடற்கரையிலுள்ள கோஸ்போர்ட் நகர மருத்துவமனையில் 1989-க்கும் 2000-க்கும் இடையே, மருத்துவக் காரணமின்றி ஓபியாய்டு எனப்படும் மார்ஃபின் வகை மருந்துகள் கொடுத்ததால் 456 பேரின் ஆயுள் குறைந்ததாகத் தனிக் குழு ஒன்று 2018-இல் சொன்னது. அங்கே செவிலியர்கள் 1991-லேயே எச்சரித்திருந்தார்கள். அந்த மருந்துகளை எழுதிய மருத்துவர் மீதான விசாரணை கவுன்சிலில் முடிந்தது 2010-இல். கடுமையான தொழில் ஒழுங்கீனம் என்று தீர்ப்பு, பெயரை நீக்கவில்லை, ஓபியாய்டு ஊசி போடக்கூடாது என்பது உள்ளிட்ட நிபந்தனைகள் மட்டும். இத்தனை ஆண்டு கழித்து வந்த நிபந்தனையால் 1991-இல் வார்டில் கிடந்தவர்களுக்கு என்ன பயன்? இந்த உரிமையைத் திரும்பப் பெறுவதென்றால் சந்தேகம் பலமாக எழுந்த அந்த வாரத்திலேயே, தீர்ப்புக்குக் காத்திராமல், தற்காலிகமாகவாவது செய்ய வேண்டும். இன்று கவுன்சில் இடைக்கால உத்தரவு மூலம் அதைச் செய்ய முடிகிறது. நிபந்தனை இணையப் பதிவேட்டில் வெளியாகிறது, யாரும் பார்க்கலாம்.

அமெரிக்காவில் இதை வேறு மாதிரி அமைத்திருக்கிறார்கள். 1970-ஆம் ஆண்டின் சட்டப்படி, மருத்துவத் தொழிலுக்கான உரிமம் வேறு, இந்த மருந்துகளை எழுதுவதற்கான பதிவு வேறு. டிஇஏ என்ற கூட்டாட்சி அமைப்பு அதற்கென்று எண் ஒன்று தருகிறது, இரண்டு எழுத்தும் ஏழு இலக்கமும். கடைசி இலக்கம் முன்னுள்ள ஆறோடு கணக்கில் பொருந்த வேண்டும், பொருந்தாவிட்டால் எண் பொய். ஹூஸ்டனில் மருந்தாளுநராக இருக்கும் என் கல்லூரித் தோழி அந்தக் கணக்கை மனத்திலேயே போட்டுவிடுவாள். உயிருக்கு உடனடி ஆபத்து என்று கருதினால் டிஇஏ அந்தப் பதிவை அன்றைக்கே நிறுத்திவைக்கலாம். பிரிட்டனில் மருத்துவர் பட்டியலில் பெயர் இருந்தாலே இந்த உரிமையும் பொதுவாகக் கூடவே வந்துவிடுகிறது. தனிப் பதிவு என்ற ஏற்பாடு எனக்குப் பிடித்திருக்கிறது. தனியாகக் கொடுத்ததைத் தனியாகத் திரும்பப் பெறுவது எளிது.

ஆனால் அங்கே வேறொரு துயரம் நடக்கிறது. ஆக்ஸிகான்டின் மாத்திரையால் வந்த போதைப் பேரழிவுக்குப் பிறகு டிஇஏ கெடுபிடி அதிகமானது. ஒரு மருத்துவரின் பதிவை நிறுத்தினால், அவரிடம் பல ஆண்டுகளாக வலி மருந்து வாங்கி வந்தவர்கள் மறுநாள் எங்கே போவார்கள்? வேறு மருத்துவர்கள் பயந்து கதவைச் சாத்துகிறார்கள். உயர்ந்த அளவு ஓபியாய்டைத் திடீரென்று நிறுத்தினால் உடல் தாங்காது. வாந்தி, வியர்வை, நடுக்கம், பழைய வலி இரட்டிப்பாகும். 2022 நவம்பரில் பெவர்லி ஹில்ஸில் ஒரு மருத்துவரின் பதிவை நிறுத்திய சில நாட்களில், அவரிடம் சிகிச்சை பெற்று வந்த நோயாளி ஒருவரும் அவருடைய மனைவியும் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். அந்த மருத்துவர் தவறு செய்தாரா இல்லையா என்பது தனி வழக்கு. நோயாளியின் பெயர் அந்த உத்தரவில் எங்கேயும் இல்லை என்பதுதான் எனக்கு ஆறாமலிருக்கிறது.

பயம் ஒரு நாட்டையே என்ன செய்யும் என்பதை நான் வீட்டிலேயே பார்த்தவள். 1990-களில் என் பெரியப்பாவுக்கு வாயில் புற்று. இந்தியாவில் 1985-இல் வந்த போதை மருந்துச் சட்டத்தில் சில குற்றங்களுக்குக் குறைந்தபட்சமே 10 ஆண்டுக் கடுங்காவல் என்றிருந்தது. மார்ஃபின் வைத்திருக்க உரிமம் மேல் உரிமம் கேட்டார்கள். ஓபியத்தைச் சட்டப்படி விளைவித்து ஏற்றுமதி செய்த நாட்டிலேயே மருத்துவமனைகள் அதை வாங்கிவைக்கத் துணியவில்லை. பெரியப்பாவைப் பார்த்த மருத்துவர் நல்லவர். அவர் உரிமையை யாரும் பறிக்கவில்லை, அவராகவே கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். “தம்பி, என்கிட்ட அந்த மாத்திரை கிடையாது, இருந்தாலும் எழுத முடியாது” என்று அப்பாவிடம் சொன்னாராம். 2014-இல் அந்தச் சட்டத்தைத் திருத்தி, அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைகள் ஒரே அனுமதியில் மார்ஃபின் வைத்திருக்க வழிசெய்தார்கள். பெரியப்பா அதற்கு வெகுகாலம் முன்பே, கடைசி மாதங்கள் முழுக்கக் கத்தியபடி இருந்து போய்ச்சேர்ந்தார்.

ஷிப்மனுக்குப் பிறகு இங்கும் பல குடும்ப மருத்துவர்கள் டயாமார்ஃபினைப் பையில் வைத்துக்கொள்வதையே நிறுத்திவிட்டார்கள். வீட்டில் இறக்க விரும்பும் நோயாளிகளுக்கு, தேவைப்படுமுன்பே நாலைந்து ஊசி மருந்துகளை ஒரு பெட்டியில் போட்டு வீட்டில் வைக்கும் பழக்கம் இப்போது உண்டு. வெள்ளிக்கிழமை மாலைகளில் எங்கள் கடைக்கு வரும் சீட்டுகளில் பல அந்தப் பெட்டிக்கானவை. ஒவ்வொன்றையும் பூட்டிய இரும்பு அலமாரியிலிருந்து எடுத்து, எண்ணி, பதிவேட்டில் எழுதி, வாங்குபவர் யாரென்று கேட்டுக் கொடுக்கிறேன். அவர்களில் யாரையும் நான் சந்தேகிக்கவில்லை. கேட்பது எல்லோருக்கும் பொது என்பதால்தான், கேட்க வேண்டிய ஒருவரிடமும் கேட்க முடிகிறது.

எனக்கு இரண்டு விஷயம் வேண்டும். மருத்துவர் ஒருவருக்கு இந்த மருந்துகளில் நிபந்தனை விழுந்தால், அவர் சீட்டு என் திரையில் வரும்போதே அது தெரிய வேண்டும். இன்று கவுன்சிலின் இணையப் பதிவேட்டில் போய்த் தேடினால்தான் தெரியும், வரிசையில் பத்துப்பேர் நிற்கும்போது யாரும் தேடுவதில்லை. அடுத்து, நிபந்தனை போடுகிற அதே உத்தரவில், அவருடைய நோயாளிகளை அன்று முதல் எந்த மருத்துவர் பார்ப்பார் என்ற பெயரும் தொலைபேசி எண்ணும் இருக்க வேண்டும். அந்த எண்ணைக் கூப்பிட்டால், வெள்ளிக்கிழமை மாலை 6 மணிக்கும் யாராவது எடுக்க வேண்டும்.